பாக்கெட் மேல யார் பேரு?



வீட்டிலேயே பலகாரம் செய்து ஆன்லைனில் விற்கலாம் என்று இறங்குகிற நம்ம பிள்ளைகள் பலரும் கடைசியில் வந்து நிற்கிற இடம் ஒன்றுதான். அடுப்பு ரெடி. செக்கு எண்ணெய் ரெடி. பாக்கெட் ஒட்டுற மெஷின்கூட வாங்கியாச்சு. கடைக்கு என்ன பேர் வைக்கிறது? முருக பக்தராக இருந்துவிட்டால் கேள்வி இன்னும் சுருங்கிவிடும்: "முருகன் பேரையே வச்சிடலாமா?"

பனமலைப் பக்கம் ஒரு வீடு என்று வச்சுக்குவோம். செஞ்சி, விழுப்புரம் ரெண்டு ஊருக்கும் போய்வருகிற குடும்பம். அம்மா மல்லாட்டை உருண்டை நன்றாகப் பிடிப்பார்கள். அக்கா கையில் எள்ளுப்பொடி, இட்லிப்பொடி, கேழ்வரகு முறுக்கு. தம்பிதான் போட்டோ எடுப்பது, ஆர்டர் பார்ப்பது, கூரியர் ஆபீஸுக்கு ஓடுவது எல்லாம். பேர் வைக்க உட்காருகிறார்கள். வேலன் பலகாரம், ஆறுமுகம் ஸ்நாக்ஸ், கந்தன் பொடி வகைகள் என்று தம்பி வரிசையாக எழுதுகிறான். அப்பா, "தாராளமா வைடா, சாமி பேர் வச்சா விருத்தியாகும்" என்கிறார். பாட்டி மட்டும், "தின்னுட்டுக் கவரக் குப்பையில போடுவாங்களேடா, அதுல சாமி பேரா?" என்கிறார்.

இது ஒரு வீட்டு வாக்குவாதம் மாதிரி தெரிந்தாலும், உள்ளே ஒரு பெரிய கேள்வி இருக்கிறது. கடவுளின் பேரை நம்ம பிழைப்புக்கு வைத்துக்கொள்வது பக்தியா, பயன்படுத்திக்கொள்வதா? கொஞ்சம் பொறுமையா யோசிப்போம்.

முதலில் அப்பா பக்கம். அவர் சொல்வதில் தப்பே இல்லை. நம்ம ஊரில் எந்தக் கணக்கு நோட்டும் பிள்ளையார் சுழி இல்லாமல் தொடங்காது. களத்தில் நெல் அளக்கும்போது முதல் மரக்காலை "ஒண்ணு" என்று சொல்ல மாட்டார்கள், "லாபம்" என்பார்கள். அதுக்கப்புறம்தான் ரெண்டு, மூணு. முதல் சொல் நல்ல சொல்லாக இருக்கணும் என்கிற எண்ணம் அது. பிள்ளைகளுக்கு முருகன், வேலு, சண்முகம் என்று பேர் வைத்ததும் அதனால்தான். கூப்பிடும்போதெல்லாம் சாமி பேரைச் சொன்ன மாதிரி ஆச்சு. சாகும் நேரத்தில் தன் மகன் நாராயணனைக் கூப்பிட்ட அஜாமிளனுக்கே கதி கிடைத்தது என்று பாகவதக் கதை சொல்கிறது. அப்படியிருக்க, ஒரு நாளைக்கு நூறு பேர் "வேலன்" என்று தேடி ஆர்டர் போட்டால் அது நூறு தடவை நாமம் சொன்ன மாதிரிதானே?

கேட்க நன்றாகத்தான் இருக்கு. ஆனால் பிள்ளைக்கு வைக்கிற பேருக்கும் கடைக்கு வைக்கிற பேருக்கும் ஒரு வித்தியாசம் இருக்கு. "முருகா, எருமை மாடே, இன்னும் தூங்குறியா?" என்று ஒரு அம்மா திட்டினால் யாரும் சாமியை நினைக்க மாட்டார்கள். அந்தப் பிள்ளை தன் பேரைக் காட்டி யாரிடமும் காசு வாங்குவதில்லை. கடைப் பேர் அப்படியில்லை. அது முன்பின் தெரியாத ஒருத்தரிடம் போய், "என்னை நம்பு, காசைக் கொடு" என்று கேட்கிற பேர்.

அதுவும் ஆன்லைன் கடையில் இந்த வேலை இன்னும் அதிகம். தெருவில் இருக்கிற கடை என்றால் நமக்குக் கண் இருக்கு, மூக்கு இருக்கு. எண்ணெய் கறுத்திருக்கா என்று எட்டிப் பார்க்கலாம். ஒரு முறுக்கை உடைத்து வாயில் போட்டுப் பார்க்கலாம். கடைக்காரர் முகத்தைப் பார்க்கலாம். போனில் அது எதுவும் கிடையாது. ஒரு போட்டோ, நாலு ஸ்டார், ஒரு பேர். அவ்வளவுதான். மூக்கும் நாக்கும் செய்ய வேண்டிய வேலையை அந்தப் பேர் செய்கிறது.

அந்த இடத்தில் "முருகன்" என்று இருந்தால் என்ன ஆகும்? எங்கோ சென்னையிலோ கோயம்புத்தூரிலோ இருக்கிற ஒரு பக்தை பார்க்கிறார். "சாமி பேர் வச்சிருக்காங்க, ஏமாத்த மாட்டாங்க" என்று மனசு லேசாகிறது. வழக்கமாகக் கேட்கிற ரெண்டு கேள்வியைக் கேட்காமல் விட்டுவிடுகிறார். அந்த நம்பிக்கையைச் சம்பாதித்தது யார்? நாம் கடை திறந்து ஒரு நாள்தான் ஆகிறது. அதைச் சம்பாதித்தவர்கள் தலைமுறை தலைமுறையாக காவடி எடுத்தவர்கள், தைப்பூசத்துக்கு வெறுங்காலோடு நடந்தவர்கள், கஷ்டத்தில் "முருகா" என்று மட்டும் சொல்லத் தெரிந்த பாட்டிகள். அவர்கள் சேர்த்து வைத்ததை நம்ம கடையின் முதலாகப் போடுகிறோம்.

அதாவது, அது கடன். கடன் வாங்குவது பாவமில்லை. கடன் என்பதை மறப்பதில்தான் சிக்கல்.

மறந்தால் என்ன ஆகும் என்பதற்கு சமீபத்திய உதாரணம் இருக்கு. 2024 ஜனவரியில் அயோத்தி ராமர் கோயில் பிரதிஷ்டை 22-ம் தேதி நடக்க இருந்தது. அதற்கு முன்பே அமேசான் தளத்தில் "அயோத்தி ராமர் கோயில் பிரசாதம்" என்ற பேரில் லட்டு, பேடா எல்லாம் விற்பனைக்கு வந்துவிட்டது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அந்த நிறுவனத்துக்கு நோட்டீஸ் அனுப்பியது. அந்த லட்டு ருசியாக இருந்திருக்கலாம், சுத்தமாகக்கூட இருந்திருக்கலாம். ஆனால் அதற்கும் கோயிலுக்கும் இருக்கிற தொடர்பு, தலைப்பில் போட்ட பேர் மட்டும்தான் என்பதுதான் குற்றச்சாட்டு. காசு கொடுத்தவர் லட்டுக்கு மட்டும் கொடுக்கவில்லை, பிரசாதம் என்ற சொல்லுக்கும் சேர்த்துக் கொடுத்தார்.

நம்ம பக்கம் பழனி பஞ்சாமிர்தத்துக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. தமிழ்நாட்டுக் கோயில் பிரசாதங்களில் அதுதான் முதல். வாழைப்பழம், நாட்டுச் சர்க்கரை, நெய், தேன், ஏலக்காய் என்று அதில் சேர்வது நம்ம எல்லார் வீட்டிலும் இருக்கிற பொருள்தான். வீட்டில் பிசைந்தாலும் ருசியாகத்தான் இருக்கும். ஆனால் "பழனி பஞ்சாமிர்தம்" என்ற பேர் அந்த மலையோடும் அந்த முறையோடும் கட்டுப்பட்டது என்று சட்டமே சொல்லிவிட்டது. பேர் என்பது வெறும் ஒட்டுக் காகிதம் என்றால் இவ்வளவு பாதுகாப்பு தேவையே இல்லை.

சட்டம் இன்னொரு பக்கமும் யோசித்திருக்கு. ஊதுபத்திக்கு "ராமாயண்" என்ற பேரை ஒருத்தர் வர்த்தக முத்திரையாகக் கேட்ட வழக்கில், ஒரு புனித நூலின் பேரை அப்படித் தனி ஒருவருக்குச் சொந்தமாக்க முடியாது என்று 2015-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதில் நமக்கு ஒரு நல்ல பாடம் இருக்கு. இந்தப் பேர்கள் எல்லாம் ஊர்ப் பொதுக் கிணறு மாதிரி. நாம் தண்ணீர் எடுக்கலாம். வேலி போட முடியாது. அசுத்தம் பண்ணினால் குடிக்கிற எல்லோருக்கும் பாதிப்பு.

இப்போ ஒரு கசப்பான விஷயத்தையும் பேசித்தான் ஆகணும். முருகன் பேரில் நடந்த உணவகம் என்றால் உலகம் முழுக்கத் தெரிந்த பேர் சரவண பவன். 1981-ல் சென்னை கே.கே. நகரில் பி. ராஜகோபால் தொடங்கியது. பல நாடுகளில் கிளை பரப்பியது. நம்ம ஊர் இட்லி, சாம்பார், பில்டர் காபியை வெளிநாட்டுத் தெருக்களில் நிறுத்தியது. அதே ராஜகோபால் 2001-ல் நடந்த ஒரு கொலை வழக்கில் குற்றவாளி என்று தீர்ப்பானது. ஆயுள் தண்டனையை 2019 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. அந்த ஆண்டு ஜூலையில் அவர் இறந்தார்.

இதைச் சொல்வது யாரையும் இழிவுபடுத்த இல்லை. உயிரைப் பறிகொடுத்த குடும்பத்தின் வலிக்கு முன்னால் நம்ம தத்துவம் ரொம்பச் சின்னது. ஆனால் பேர் பற்றி யோசிக்கிறவர்கள் இதைத் தாண்டிப் போக முடியாது. பலகையில் இருந்த சரவணன், முதலாளியின் கையைப் பிடித்துத் தடுக்கவில்லை. முதலாளி செய்த குற்றத்தால் இட்லி ருசி மாறவில்லை. வேலைக்கு வந்த ஆயிரக்கணக்கான சர்வர்கள், மாஸ்டர்கள் அதற்குப் பொறுப்பும் இல்லை. சாமி பேர், பண்டத்தின் தரம், ஆளின் நடத்தை மூணும் தனித்தனி. பலகையில் ஒன்றை எழுதிவிட்டால் மற்ற ரெண்டும் தானாகச் சரியாகிவிடாது.

சாமிக்கு இதனால் களங்கம் வந்ததா? வராது. சூரனோடு நேருக்கு நேர் நின்றவருக்கு ஒரு ஓட்டல் பலகையால் என்ன வந்துவிடப் போகிறது. களங்கம் வருவது நம்ம பேச்சுக்கு. ஒரு சின்ன விஷயம் பாருங்க. பொடி கொஞ்சம் பழசாகி வாடை வந்துவிட்டது என்று வச்சுக்குவோம். ரிவியூவில் என்ன எழுதுவார்கள்? "வேலன் ஊசிப்போயிடுச்சு, வாங்காதீங்க." "ஆறுமுகம் லேட், ரொம்ப மோசம்." படிக்கும்போது சிரிப்பு வருதில்லையா? ஆனால் அந்த வாக்கியத்தில் திட்டு வாங்குகிறவர் யார்? தப்பு செய்தது நாம், முன்னால் நிற்பது அவர்.

பாக்கெட்டையே எடுத்துப் பார்ப்போம். முன்பக்கம் மயில், வேல், பெரிய எழுத்தில் சாமி பேர். திருப்பினால் எறும்பு சைஸ் எழுத்தில் தயாரித்தவர் பேர், முகவரி, தேதி, உணவுப் பாதுகாப்புத் துறை கொடுத்த 14 இலக்க எண். முன்னால் இருப்பதைக் கண் படிக்கும். பின்னால் இருப்பதைப் படிக்கக் கண்ணாடி வேணும். ஆனால் வயிற்றுவலி வந்தால் யாரைக் கேட்கணும் என்பது பின்பக்கத்தில்தான் இருக்கு. பொறுப்பு எந்தப் பக்கம் இருக்கோ அந்தப் பக்கம் எழுத்து சின்னதாக இருக்கு. இந்த விஷயத்தில் நம்ம யோசனை தலைகீழாக இருக்கோ என்று தோணுது.

பனமலையே இதற்கு ஒரு வழி காட்டுகிறது. ஊருக்குப் போனவர்களுக்குத் தெரியும். ஏரிக்கரை, சின்ன மலை, மேலே பல்லவர் காலக் கற்கோயில். கட்டியது ராஜசிம்மன் என்று சொல்லப்படும் இரண்டாம் நரசிம்மவர்மன். காஞ்சி கைலாசநாதர் கோயிலைக் கட்டிய அதே மன்னன். எட்டாம் நூற்றாண்டின் தொடக்க காலம். கோயிலுக்குள் ஒரு சிற்றறைச் சுவரில், ஒரு காலை மடித்துச் சாய்ந்து நிற்கிற உமையின் ஓவியம் இன்றும் ஓரளவு மிச்சமிருக்கு. கருவறைப் பின்சுவரில் சோமாஸ்கந்தர். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் நடுவில் நம்ம கந்தன், குழந்தையாக.

அந்தக் கோயில் சாமியின் பேர் என்ன? தாளகிரீஸ்வரர். தாளம் என்றால் வடமொழியில் பனை. கிரி என்றால் மலை. பனைமலையின் ஈசன். யோசிச்சுப் பாருங்க. ஊர் சாமியின் பேரை எடுத்துக்கொள்ளவில்லை. சாமி ஊரின் பேரை எடுத்துக்கொண்டார். அதுவும் ராஜா பேரை இல்லை, அந்த மேட்டில் வளர்ந்த மரத்தின் பேரை. கட்டிய ராஜசிம்மனுக்குப் பட்டப்பேர்கள் 200-க்கும் மேல். காஞ்சி கைலாசநாதர் கோயிலில் வரிசையாக வெட்டி வைத்திருக்கிறார்கள். இன்றைக்கு அதில் எத்தனை பேருக்கு எத்தனை தெரியும்? பனை என்ற பேர் மட்டும் ஊர் வாயில் நிற்கிறது.

பக்கத்துச் செஞ்சியிலும் இதே கதைதான். பிஜப்பூர் ஆட்சியில் கோட்டைக்குப் பாதுஷாபாத் என்று பேர் வைத்தார்கள். 1698-ல் மொகலாயர் கைக்குப் போனதும், முற்றுகையை நடத்திய சுல்பிகர் கானுக்கு இருந்த நுஸ்ரத் ஜங் என்ற பட்டத்தை வைத்து நுஸ்ரத்கட் ஆனது. 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம் பிடித்தபோது எழுதியது செஞ்சிக் கோட்டை என்றுதான். மேலிருந்து ஒட்டிய பேர் ஆட்சியோடு உதிர்ந்துபோச்சு. மக்கள் வாயில் புழங்கின பேர் நின்னது.

முருகனும் அப்படித்தான். பழனியாண்டவர், திருத்தணி முருகன், திருச்செந்தூரார், நம்ம பக்கத்து மயிலம் முருகன். போகிற ஊரெல்லாம் அந்த ஊர்ப் பேரைச் சூடிக்கொள்கிற சாமி அவர். ஆண்டவனுக்கே ஒரு மலைப் பேர், ஒரு ஊர்ப் பேர் போதும் என்றால், நம்ம பொடிக் கடைக்கு ஊர்ப் பேர் குறைச்சலா?

மல்லாட்டையையே எடுத்துக்குங்க. மணிலாக் கொட்டை என்பதுதான் பேச்சில் தேய்ந்து மல்லாட்டை ஆச்சு என்பார்கள். அமெரிக்கக் கண்டத்துப் பயிர், பிலிப்பைன்ஸ் தலைநகர் மணிலாவின் பேரைச் சுமந்து நம்ம மண்ணுக்கு வந்தது. எங்கிருந்து வந்தது என்பதை அந்தப் பேர் மறைக்கவில்லை. ஒரு நல்ல உணவுப் பேர் செய்ய வேண்டிய வேலை அதுதான். இது எங்கே விளைந்தது, யார் கை பட்டது, யாரைக் கேட்கலாம் என்று சொல்லணும்.

"அப்படின்னா கடையில முருகனுக்கு இடமே இல்லையா?" என்று கேட்பீர்கள். இருக்கு. நகரத்தார் அதற்கு ஒரு வழி வைத்திருந்தார்கள். பர்மா, மலேயா, சிங்கப்பூர் என்று கடல் தாண்டிக் கடன் கொடுத்து வாங்கும் தொழில் செய்த செட்டியார்கள் போன இடமெல்லாம் தண்டாயுதபாணிக்குக் கோயில் கட்டினார்கள். சிங்கப்பூர் டேங்க் ரோடு கோயில் 1859-ல் வந்தது. வியாபாரத்தில் ஒரு பங்கை மகமை என்று சாமிக்கும் தர்மத்துக்கும் எடுத்து வைத்தார்கள். ஆனால் கடைக்கு அடையாளமாக இருந்தது விலாசம், அதாவது குடும்பத்து ஆட்களின் முன்னெழுத்துகள். அந்த எழுத்துகளைப் பார்த்தாலே எந்த வீட்டுக் கடை, யார் பொறுப்பு என்று தெரிந்துவிடும். பலகையில் மனுஷன் பேர், கணக்கில் முருகன் பங்கு.

இதையும் பூசி மெழுகக் கூடாது. 1930-களின் பொருளாதார மந்தத்தில் கடனைத் திருப்ப முடியாத பர்மிய விவசாயிகளின் வயல்கள் பெரிய அளவில் செட்டியார் கடைகளின் கைக்குப் போயின. 1938 வாக்கில் கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் சாகுபடி நிலத்தில் சுமார் 25 சதவீதம் அப்படி மாறியிருந்தது. கணக்கில் முருகனுக்குப் பங்கு இருந்ததால் மட்டும் கடனாளிக்கு நிம்மதி வந்துவிடவில்லை. ஆனாலும் அந்த ஏற்பாட்டில் நேர்மையான ஒரு அம்சம் இருக்கு. கோபப்பட்டவர்கள் யார் மேல் கோபப்படணும் என்று தெரிந்து கோபப்பட்டார்கள். சாமி முன்னால் நிறுத்தப்படவில்லை.

சரி, இவ்வளவு பேசியும் வள்ளியைப் பற்றிப் பேசாமல் முடிக்க முடியாது. முருகனுக்குப் பிடித்த படையல் என்று நாம் தேனும் தினைமாவும் வைக்கிறோமே, அந்தக் கதையை நினைச்சுப் பாருங்க. தினைப்புனத்தில் காவல் இருக்கிற பெண்ணிடம் ஒரு கிழவர் வந்து பசிக்குது என்கிறார். அவள் தேனும் தினைமாவும் கொடுக்கிறாள். விக்கல் எடுக்குது, தண்ணி வேணும் என்கிறார். சுனைக்குக் கூட்டிப் போகிறாள். அந்த நேரத்தில் அவர் யார் என்று அவளுக்குத் தெரியாது. அவர் தன் பேரைச் சொல்லவில்லை. அவள் தினை மூட்டையில் வேல் படமும் இல்லை. பசித்து வந்தவருக்கு நல்லதைக் கொடுத்தாள். கொடுத்தது முருகனுக்குப் போய்ச் சேர்ந்தது.

நாம் கடைக்குப் பேர் வைக்கிறதைப் பற்றியே இவ்வளவு நேரம் பேசினோம். வள்ளி கதை கேட்கிற கேள்வி வேறே. சாப்பிடப் போகிறவர் யார்? ஆன்லைன் கடையில் அவர் ஒரு ஆர்டர் நம்பர், ஒரு பின்கோடு. முகம் தெரியாது. ஹாஸ்டலில் அம்மா கைப்பக்குவத்துக்கு ஏங்குகிற பிள்ளையாக இருக்கலாம். சர்க்கரை இருக்கிற தாத்தாவாக இருக்கலாம். மல்லாட்டை ஒத்துக்காத, சின்னத் துண்டு பட்டாலே மூச்சு முட்டுகிற குழந்தையாக இருக்கலாம். அந்தக் குழந்தைக்கு நம்ம கடைப் பேர் வேலனா கந்தனா என்பது முக்கியமில்லை. எள்ளுப்பொடியை அரைத்த மிக்சியில் முன்னாடி மல்லாட்டை அரைத்தோமா, அதை லேபிளில் சொன்னோமா என்பதுதான் உயிர்ப் பிரச்சினை. கிழவர் வேஷத்தில் வந்தவர் இன்றைக்கு ஆர்டர் நம்பர் வேஷத்தில் வரலாம் இல்லையா?

ஆக, பேர் வைக்க உட்காருகிற நம்ம தம்பி தங்கைகளுக்குச் சொல்ல விரும்புவது இதுதான். முருகன் பேர் வைக்கக் கூடாது என்று யாருக்கும் தடை போட நமக்கு உரிமை இல்லை. அது பொதுக் கிணறு. ஆனால் வைப்பதற்கு முன்னால் மூணு கேள்வியை உங்களையே கேட்டுக்குங்க.

ஒண்ணு. சாமி பேரை எடுத்துவிட்டு, உங்க சொந்தப் பேரைப் பெரிய எழுத்தில் போட்டு இதே பாக்கெட்டை விற்கத் துணிச்சல் இருக்கா? "அய்யோ, எம் பேரா?" என்று தயக்கம் வந்தால், எதற்கு அந்தத் தயக்கம் என்று பாருங்க. நம்ம பேரை வைக்கப் பயப்படுகிற பண்டத்தில் அவர் பேரை வைப்பது எந்த நியாயம்?

ரெண்டு. ஒருத்தர் காசு திரும்பக் கேட்டால், போனை எடுத்துப் பேசப் போவது யார்? அந்த ஆளின் பேரும் நம்பரும் பாக்கெட்டில் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி இருக்கா?

மூணு. இது பக்தர்களுக்கு மட்டுமே உரிய கேள்வி. இன்றைக்குப் பார்சல் கட்டின பாக்கெட்டில் ஒன்றை எடுத்து, வீட்டில் முருகன் படத்துக்கு முன்னால் நைவேத்தியமாக வைப்பீங்களா? நேற்றுப் பொரித்த எண்ணெயிலேயே இன்றைக்கும் பொரித்த முறுக்கை வைப்பீங்களா? திரும்பத் திரும்பக் காய்ச்சும் எண்ணெயில் சேர்கிற கெட்ட பொருள்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் அதைப் பயன்படுத்தக் கூடாது என்று 2018 முதல் அரசு விதியே இருக்கு. அந்த அளவைச் சோதிக்க அதிகாரி எல்லா வீட்டுக்கும் வர மாட்டார். படத்துக்கு முன்னால் கை நடுங்குதா என்று நாமே சோதித்துக்கொள்ளலாம்.

இந்த மூணுக்கும் "ஆமாம்" என்று மனசாரச் சொல்ல முடிந்தால் எந்தப் பேர் வைத்தாலும் அது நல்ல பேர்தான். எங்க கட்சி எது என்று கேட்டால், பாட்டி கட்சிதான். முன்பக்கத்தில் பெரிய எழுத்தில் ஊர்ப் பேரும் உங்க பேரும் இருக்கட்டும். பனமலை மல்லாட்டை உருண்டை என்றாலே வாயில் இனிக்குது. குப்பையில் போகிற கவரில் வேலும் மயிலும் வேண்டாம். முருகனுக்குக் கணக்கு நோட்டில் முதல் வரியைக் கொடுங்க. நூறு ரூபாய்க்கு ஒரு ரூபாயோ, பத்துப் பாக்கெட்டுக்கு ஒரு பாக்கெட்டோ, முடிந்ததை அவர் பங்காக எழுதி வைங்க. மாசக் கடைசியில் அதை எடுத்துப் பசியோடு இருக்கிற யாருக்காவது கொடுங்க. கொடுக்கும்போது அவர் பேரைக் கேட்கணும் என்று அவசியமில்லை. வள்ளி கேட்கவில்லை.

வியாபாரம் செழிக்கட்டும். எண்ணெய் சுத்தமாக இருக்கட்டும்.

வேலும் மயிலும் துணை.